எவர்சில்வரும் ஒரு பழிச்சொல்லும்

இல்லமும் பொருளும் – மாதப் பகுதி

சென்ற இதழில் இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரியார் ஒருவர் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னைக் கண்டு, "தோசைக்கல் வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது, எவர்சில்வர் பாத்திரமோ பரண் நிறைய இருக்கிறது. அதைப் பற்றி எழுத மாட்டீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஊரை விட்டு வெளிமாநிலம் வரும் நம்மவர் மூட்டையைப் பிரித்தால், படுக்கைக்கு அடுத்தபடியாக அதில் இருப்பது எவர்சில்வரே. கலியாணத்தில் வந்தது, வளைகாப்பில் வந்தது, பழைய புடவையைப் போட்டு வாங்கியது, பெயர் வெட்டியது, பெயர் வெட்டாதது என்று அதில் பல வகை உண்டு.

ஆயினும் நான் இதுவரை எழுதாமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால், என் வீட்டில் என்னால் நேர்ந்த ஒரு தவற்றையும் எழுத வேண்டியிருக்கும். அதை மறைத்துவிட்டுப் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குண்டான் கெட்ட கதை

என் அன்னையாரின் திருமணம் 1984-ஆம் ஆண்டில் நடந்தது. அப்போது சீராக வந்த எவர்சில்வர் குண்டான் ஒன்றில் அவர் பெயரும் அந்த ஆண்டும் புள்ளி எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கும். எந்தையார் காலமான பின்னர் அன்னையார் என்னுடன் நாகபுரிக்கு வந்தபோது, மற்றப் பாத்திரங்களையெல்லாம் தங்கைக்குக் கொடுத்துவிட்டு இதை மட்டும் தம் மடியில் வைத்துக்கொண்டே இரயிலில் வந்தார்.

இரண்டாண்டுகளுக்கு முன், மே மாதம். மாங்காய் மலிவாகக் கிடைத்தது. ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியோ வீடு மாற்றுகையில் உடைந்துவிட்டிருந்தது. நறுக்கி உப்பிட்ட மாங்காயைக் குண்டானில் போட்டு வைக்கலாம் என்றேன் நான். "உப்புப் பண்டத்தை எவர்சில்வரில் வைப்பார்களா, தம்பி?" என்று அன்னையார் தயங்கினார். "பெயரே எவர்சில்வர், அதற்கு ஒன்றும் ஆகாது" என்று நான் சட்டம் பேசினேன். மாங்காய் மூன்று நாள் அதில் ஊறியது. பிறகு வேறு ஜாடி வாங்கி மாற்றினோம். குண்டானின் அடியில் எஞ்சிய உப்புநீர் மேலும் இரண்டு நாள் அப்படியே கிடந்து காய்ந்தது. உப்புக் காய்ந்து வெள்ளையாய்ப் படிந்திருந்ததைக் கண்டு, கடையிலிருந்து இரும்புக் கம்பி நார் ஒரு சுருள் வாங்கி வந்து, பாத்திரம் துலக்க வரும் அம்மாளிடம் அழுத்தித் தேய்க்கும்படி கொடுத்தேன்.

அந்த அம்மாளை நாங்கள் இவ்வூர் வழக்கப்படி 'மாவ்ஷி' என்று அழைப்போம்; மராத்தியில் அதற்குச் சிற்றன்னை என்று பொருள். நாரைக் கையில் வாங்கிய அவர், ஏதோ சொன்னார். எனக்கு அந்நாளில் மராத்தி புரியாது. "டீக் ஹை, டீக் ஹை" என்று தலையை ஆட்டிவிட்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால், குண்டானின் அடியில் பழுப்பு நிறப் புள்ளிகள். விரலால் தடவினால் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள். அன்னையார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார். அவர் பேசாதது என்னைச் சுட்டது. மறுநாள் காலையில் மாவ்ஷி வந்ததும், மணலைப் போட்டுத் தேய்த்துப் பாத்திரத்தைப் பாழாக்கிவிட்டதாக எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கடிந்துகொண்டேன். நான்கு வீட்டுக்காரர் கேட்க அவ்வாறு பேசினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சில நாட்களுக்குப் பின், இரயில்வேப் பணிமனையில் உலோக வேலையில் பல்லாண்டு பழகிய மூத்த தொழிலாளி ஒருவரிடம் அக்குண்டானைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் கூடப் பார்க்கவில்லை. "இது தேய்ப்பினால் வந்த குழி அன்று, உப்பினால் வந்த குழி. பழுப்பு மட்டும் இரும்பு நாரால் வந்தது. உப்பு வைத்தது யார்? நார் வாங்கியது யார்?" என்று கேட்டார். இரண்டுக்கும் விடை ஒன்றே.

எவர்சில்வர் என்பது யாது?

அவர் அன்று எனக்கு விளக்கியதையும், பின்னர் நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாக எழுதுகிறேன். எவர்சில்வரில் வெள்ளி குன்றிமணி அளவும் இல்லை. அது துருப்பிடிக்காத எஃகு. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற தேயாத எஃகைத் தேடுகையில், குரோமியம் கலந்த எஃகு எளிதில் துருப்பிடியாமையைக் கண்டார். இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால் அது இவ்வகை எஃகு ஆகும்.

அந்தக் குரோமியம் செய்யும் வேலை விந்தையானது. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, பாத்திரத்தின் மேற்புறம் முழுதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலை அது உண்டாக்குகிறது. மயிரிழையின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் அதன் கனம். கீறல் விழுந்தால், காற்றுப் பட்டதும் அத்தோல் தானே மீண்டும் வளர்ந்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார் ஈயம் பூசுபவரை ஆண்டுதோறும் எதிர்பார்த்திருந்தனர். பூச்சுப் போனால் புளிக்குழம்பில் களிம்பேறும். எவர்சில்வரோ தனக்குத் தானே பூசிக்கொள்ளும் பாத்திரம் எனலாம். இன்று நாம் பயணம் செய்யும் எல்.எச்.பி. இரயில் பெட்டிகளின் உடற்கூடும் இதே இனத்து எஃகால் ஆனதே.

ஆனால் அத்தோலுக்கு ஒரு பகை உண்டு, அதுதான் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு ஓரிடத்தில் நெடுநேரம் தங்கினால், அவ்விடத்தில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். குழிக்குள் காற்றுப் புகாமையால் அங்கே தோல் மீண்டும் வளர்வதற்கு வழியில்லை. குழி ஆழமாகிக்கொண்டே போகும். என் அன்னையாரின் குண்டானில் நடந்தது இதுவே.

வாங்கும்போது கவனிக்க வேண்டுவன

சேலம் உருக்காலை 1981-இல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கத் தொடங்கியது. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்திலும், தில்லியின் வசீர்பூரிலும், அரியானாவின் ஜகாத்ரியிலும் பாத்திரத் தொழில் பெருகியிருக்கிறது. ஆகவே எந்த ஊரில் இருப்பவருக்கும் நல்ல பாத்திரம் கிடைக்கும். ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒரே கலவை அன்று.

சமையலுக்குச் சிறந்ததாகக் கருதப்படுவது 304 என்னும் வகை. இதில் நூற்றுக்குப் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். 18/8 என்றும் இதைக் குறிப்பதுண்டு. விலை மலிவான 200 வரிசை வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். அவை பார்வைக்கு ஒன்று போலவே பளபளக்கும். உப்புக்கு மட்டும் விரைவில் இடங்கொடுக்கும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. 304-இல் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 200 வரிசையிலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாமல், அடியில் பொறித்துள்ள வகை எண்ணைப் பார்த்து, பற்றுச்சீட்டோடு வாங்குவதே நலம். மேலும், இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்போருக்கு அடிப்புறத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரமே வேண்டும். ஒட்டாத பாத்திரம் அவ்வடுப்பில் சூடேறாது.

நிக்கல் ஒவ்வாமை உடையவர்கள், நிக்கல் கலவாத வகையையோ மண்சட்டியையோ நாடலாம். புளி, தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்கள் நெடுநேரம் கொதிக்கும்போது பாத்திரத்திலிருந்து சிறிதளவு நிக்கல் இறங்குவதுண்டு. புதுப் பாத்திரத்தில் அது சற்று மிகுதி, பழகப் பழகக் குறையும்.

அடுப்பில் வைக்கையில்

புதுப் பாத்திரத்தில் மெருகிட்ட பிசுக்கு ஒட்டியிருக்கும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு இருமுறை கழுவிய பின்னரே அடுப்பேற்ற வேண்டும்.

எவர்சில்வரில் அடிப்பிடிக்கிறது என்பது பல வீடுகளில் கேட்கும் குறை. மருமகளின் கவனக்குறைவு என்று அதைச் சொல்வாரும் உளர். காரணம் அவளல்லள், எஃகின் இயல்பே. எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன், அலுமினியத்தின் திறனில் ஏறத்தாழப் 15-இல் ஒரு பங்கு. செம்பின் திறனில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு. ஆகையால் தீ படும் இடம் மட்டும் கொதித்து, ஓரம் குளிர்ந்தே கிடக்கும். பருப்பும் பாலும் பாயசமும் அந்த ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். கனத்த அடியுள்ள பாத்திரமும், நடுவே அலுமினியமோ செம்போ வைத்த அடுக்கடிப் பாத்திரமும் இக்குறையைப் போக்கும். மெல்லிய பாத்திரமே உள்ளவர்கள் தீயைத் தணித்து வைத்து, அடிக்கடி கிளறுவதே வழி. பால் காய்ச்சுமுன் பாத்திரத்தைத் தண்ணீரால் ஒருமுறை அலம்பி, ஈரத்தோடு பாலை ஊற்றும் நம் வீட்டு வழக்கத்தையும் கைவிட வேண்டுவதில்லை.

வதக்கவும் பொரிக்கவும் ஒரு குறிப்பு: வெறும் வாணலியை மிதமான தீயில் சூடேற்றி, ஒரு துளி நீரைத் தெளித்துப் பார்க்கவும். துளி சுர்ரென்று ஆவியானால் சூடு போதாது. முத்தைப் போல் உருண்டு ஓடினால் சூடு ஏறிவிட்டது. உடனே தீயைக் குறைத்து எண்ணெய் ஊற்றிக் காயைப் போடலாம். ஒட்டுவது பெரிதும் குறையும். எண்ணெய் புகையும் வரை விட்டுவிடலாகாது.

உப்பை எப்போது போடுவது என்பதுதான் முதன்மையானது. குளிர்ந்த நீரில் கல்லுப்பைப் போட்டால் அது அடியில் சென்று தங்கி, தங்கிய இடத்தைத் துளைக்கும். நீர் கொதி வந்த பிறகு உப்பிட்டுக் கிளறிவிட்டால், அது உடனே கரைந்துவிடும், ஓரிடத்தில் தங்காது. சமையலுக்கு உப்புப் போடுவதால் பாத்திரம் கெடாது; உப்பைக் குடியிருத்துவதால்தான் கெடும். ஊறுகாய், மாவடு, உப்பிட்ட மீன், உப்புக் கண்டம் இவற்றுக்குப் பீங்கானும் கண்ணாடியுமே உரியவை. மிஞ்சிய சாம்பாரையும் ரசத்தையும் இரவு முழுதும் எவர்சில்வரில் விட்டுவைக்காமல் வேறு கலத்துக்கு மாற்றுவது நன்று.

துலக்கும்போது

அடிப்பிடித்த பாத்திரத்தைக் கண்டதும் சுரண்டப் புகுவது தவறு. அடி மூழ்கும் அளவு நீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா இட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் மரக்கரண்டியால் தள்ளினால் கருகல் ஏடு ஏடாகக் கிளம்பும். முழுதும் போகாவிட்டால் மறுபடியும் ஒருமுறை செய்யலாம். பொறுமைதான் இதற்குச் செலவு.

கோடையில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் பாத்திரத்தில் வெண்திட்டுகள் படிவதைக் கண்டிருப்பர். அது நீரிலுள்ள சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறோ காடியோ தடவிச் சற்றுநேரம் விட்டுக் கழுவினால் கரைந்துவிடும். வெறும் பாத்திரத்தை மிகையாகக் காய்ச்சினால் வானவில் போல் நீலமும் பொன்னிறமும் தோன்றும். அது அழுக்கன்று, நஞ்சுமன்று. முன்னே சொன்ன தோல் சூட்டினால் தடித்ததன் அடையாளம். அதற்கும் புளிப்பே மருந்து.

தேய்ப்பதற்குத் தேங்காய் நாரும் மெல்லிய துணியும் போதும். சாதாரண இரும்புக் கம்பி நாரை மட்டும் எவர்சில்வரின் அருகே கொண்டுவரலாகாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் பாத்திரத்தில் பதிந்து, தாம் துருப்பிடித்துப் பாத்திரத்தின் மேல் பழி சுமத்தும். அவ்வாறு வந்த பழுப்புப் புள்ளிகளைச் சமையல் சோடாவை நீரில் குழைத்து மென்மையாகத் தேய்த்து நீக்கிவிடலாம். குழி விழுந்துவிட்டால் மட்டும் மாற்றுவதற்கில்லை. வெளுப்புத் தூள் கலந்த நீரிலும் பாத்திரத்தை ஊறவைக்கலாகாது; அதுவும் உப்பின் உறவே. கழுவியதும் துடைத்து, ஈரம் போனபின் அடுக்க வேண்டும். ஈரத்தோடு ஒன்றினுள் ஒன்றாகச் செருகினால் இடையில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் அத்தோலுக்கு உயிரில்லை.

எஞ்சியது

பணிமனை நண்பர் கேட்ட கேள்விகளுக்குப் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவ்ஷியின் வீட்டைத் தேடிச் சென்றேன். மராத்தி அறிந்த அண்டை வீட்டு நண்பரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். பிழை என்னுடையது என்றும், நான்கு பேர் கேட்கச் சொன்னதை நான்கு பேர் கேட்கவே திரும்பப் பெறுவேன் என்றும் சொல்லச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, நண்பரிடம் ஏதோ கூறினார். நண்பர் சற்றுத் தயங்கியே அதைத் தமிழில் சொன்னார்: "இந்தக் கம்பி பாத்திரத்தைக் கடிக்கும், வேண்டாம் என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னாராம். நீங்கள் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம்."

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கிய கை அது. அந்தக் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னபோது கேட்டுக்கொள்ள எனக்கு மொழியும் இல்லை, பொறுமையும் இல்லை. புரியாத இடத்தில் புரிந்தவனைப் போலத் தலையாட்டியதே முதற்குற்றம்.

அவர் உடனே வேலைக்கு வந்துவிடவில்லை. எங்கள் வேளையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். தீபாவளிக்குப் பிறகுதான் மீண்டும் வந்தார். அதற்குள் நான் நமது சங்கத்தில் மாலை வேளைகளில் நடக்கும் மராத்தி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவனுக்கு மறுபடியும் அகர வரிசை எழுதுவது எளிதாக இல்லை. எனினும் இப்போது அவர் சொல்வதில் பாதிக்கு மேல் புரிகிறது. புரியாததை மறுபடியும் கேட்கிறேன்.

குண்டான் அடுப்படியிலேயே இருக்கிறது. குழி விழுந்த பாத்திரத்தில் மேற்கொண்டு குழம்பு வைக்க வேண்டாம் என்று, அன்னையார் அதில் துவரம்பருப்பைக் கொட்டி வைத்திருக்கிறார். உலர்ந்த பண்டத்தால் அதற்கு ஒரு கெடுதியும் இல்லை. பருப்பு எடுக்கும்போதெல்லாம் அவர் பெயரும் ஆண்டும் வெளிப்புறத்தில் தெரிகின்றன. உள்ளே இருக்கும் குழிகளைப் பருப்பு மறைத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் பருப்பு முழுதும் தீர்ந்திருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்ட அன்னையார், "கடைக்குப் போகும்போது இரண்டு கிலோ வாங்கி வா, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இதழில் மழைக்காலத்தில் அரிசியையும் பருப்பையும் வண்டு அணுகாமல் காப்பது பற்றி எழுத எண்ணியுள்ளேன். பாத்திரம் பேணுவதில் தங்கள் வீட்டு முறைகள் ஏதேனும் இருப்பின், சகோதரிகளும் அன்பர்களும் சங்கத்துக்கு எழுதி உதவ வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவோரிடமும் கேட்டு எழுதினால் இன்னும் நலம்.